அசனார் மோதினாரின் குரலும் நீ வாங்கப்போகும் பெட்டியும்

அன்பின் மகன்,

ஸலாம் சொல்லியே தொடங்குகிறேன். மூன்று வருஷமாக உனக்கும் எனக்கும் இடையில் அந்த ஒரு சொல்தான் போய்வந்துகொண்டிருந்தது. நீ கொழும்பிலிருந்து எடுப்பாய், உம்மாவோடு அரை மணித்தியாலம் கதைப்பாய், கடைசியில் “வாப்பாக்கு ஸலாம் செல்லுங்க” என்பாய். நான் உள்ளே இருந்துகொண்டு பதில் ஸலாம் சொல்வேன். அதோடு சரி. இன்றைக்கு அந்த ஸலாத்துக்குப் பின்னால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். பொறுமையாக வாசி. உனக்குப் பொறுமை குறைவு. அது எங்கிருந்து வந்தது என்று உம்மாவிடம் கேட்டுவிடாதே, உடனே என்னைக் கைகாட்டுவாள்.

போன கிழமை உம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய குரல் பதிவை நானும் கேட்டேன். ஒரு தரம் அல்ல, நாலு தரம். முதல் மூன்று தரமும் எனக்குச் சரியாக விளங்கவில்லை என்பதுதான் உண்மை. கல்முனையில் காது டொக்டரிடம் காட்டினேன். மேல் சத்தங்கள் எல்லாம் போய்விட்டன என்கிறார். நுளம்பு காதுக்குக் கிட்ட வந்தாலும் இப்போது கேட்பதில்லை, கடித்த பிறகுதான் தெரியும். முப்பத்தைந்து வருஷம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு வேறென்ன நடக்கும்? போனில் கதைத்தால் நீ ஒன்று கேட்க நான் வேறொன்று சொல்வேன், அதில் இன்னொரு சண்டை வரும். அதனால்தான் கடிதம்.

“உம்மா, இவ்வளவு நாளும் வாடகைக்கு எடுத்துத்தான் வேலை செஞ்சன். இப்ப சொந்தமா ஒரு செட் போடப்போறன். மிக்ஸர்ட பின்னுக்கு மூணு மாதிரி டிஜிட்டல் ஓட்டை இரிக்கி. எதுல இருந்து வயர் இழுக்கிற, எந்தப் புரொசெஸர் எடுக்கிற எண்டு வாப்பாட்ட கேட்டுச் செல்லுங்க. ஒண்டுல மைக் கூவாம தானாப் பாத்துக்கிற ஒட்டோ பட்டனும் இரிக்கி. அத எடுக்கவா?” இவ்வளவுதான் நீ சொன்னது. உம்மா, “பாத்தீங்களா, இஞ்சினியர் ஐயாட்ட கேக்கிறான்” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த ஒட்டோ பட்டன் என்ற இடத்தில் என் முகம் மாறியிருக்க வேண்டும். அந்தப் பட்டனால்தானே நீ வீட்டை விட்டுப் போனாய். தெரியாமல் கேட்டாயா, வேண்டுமென்றே கேட்டாயா, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் அதற்கு வருவேன். இந்தத் தரம் ஓடி ஒளிக்கமாட்டேன். ஆனால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொழில் விஷயத்தில் கேட்டவனை அந்தரத்தில் விடக்கூடாது.

அதற்கும் முதல் ஒரு சொல். டீஜே வேலையைப் பற்றி என் மனம் என்னவென்று உனக்குத் தெரியும். அது இன்னும் மாறவில்லை, மாறியதாக எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். ஆனால் நான் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. உன் உம்மாவைக் கலியாணம் முடிக்கமுதல் சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று கலியாண வீடு கலியாண வீடாக ஹோர்ன் கட்டிப் பாட்டுப் போட்டவன் நான். அப்போது அதற்கு டீஜே என்று பெயர் இல்லை, ஸ்பீக்கர்காரன் என்பார்கள். முதல் சஹனில், பெரியவர்களோடு ஒரே தட்டில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். நான் தின்ற சோற்றை மறந்துவிட்டு, பாட்டுக் கூடாதென்று உனக்கு ஹதீஸ் படித்துக்காட்டினேன். அதை யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, வெட்கமும் வருகிறது.

சரி, ஓட்டைகள். மூன்று என்றாய். ஒன்று டீவீடீ பிளேயரில் இருப்பது போன்ற சின்ன வட்டம், மற்றது மைக் வயரின் மூன்று முள் தலை போகிறது, கடைசி யூஎஸ்பி. யூஎஸ்பியை லெப்டொப்புக்கு மட்டும் வை. நேராகச் செருகு, ஒரு ஓட்டையை நாலாகப் பிரிக்கிற அந்தச் சின்னப் பெட்டியை நடுவில் கொண்டுவராதே. மிக்ஸரும் புரொசெஸரும் ஒரே மேசையில், ஒரே அலுமாரியில் இருந்தால் சின்ன வட்டமே போதும். கொஞ்சம் தூரமென்றால் மூன்று முள். ஆனால் தலை ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காக மைக் வயரை அதில் செருகிவிடாதே. டிஜிட்டலுக்கென்று தனியாக வயர் விற்கிறார்கள், அதை வாங்கு. மைக் வயர் கிட்டத்தில் வேலை செய்து உன்னை ஏமாற்றும், தூரம் போனதும் குழப்படி செய்யும்.

இதை நான் படித்தது நிந்தவூர் மண்டபத்தில், உன் மூத்த மாமியின் மகளுடைய கலியாணத்தில். அப்போதுதான் நான் முதல் டிஜிட்டல் மிக்ஸர் வாங்கியிருந்தேன். பெருமை தாங்கவில்லை. மேடையிலிருந்து பின்சுவர் வரைக்கும் கையிலிருந்த மைக் வயர்களை ஒன்றோடொன்று கோத்து இழுத்தேன். மௌலவி குத்பாப் பிரசங்கம் தொடங்கியதும் டிக், டிக் என்று சத்தம். நடுவில் சொற்கள் காணாமல் போகின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெனரேட்டரைக் குறை சொன்னேன். பிறகு மண்டபத்துக் கரண்ட்காரரைப் பிடித்து ஏசினேன். அந்த மனிசன் வியர்க்க வியர்க்க மூன்று தரம் பிளக் மாற்றினார். கடைசியில், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல, “காக்கா, ஏலுமானதெல்லாம் செஞ்சிட்டன். உங்கட வயர ஒருக்கா மாத்திப் பாருங்களன்” என்றார். “நீங்க எனக்குப் படிப்பிக்கிறீங்களோ?” என்று பாய்ந்தேன். சாப்பாடு நடக்கும்போது ஆளில்லாத நேரம் பார்த்து வயரை மாற்றினேன். டிக் சத்தம் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டிலிருந்த வட்டிலப்பத்தைப் பார்த்தேன். அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்தேன். பிழை வந்தால் முதலில் அடுத்தவனைப் பார்ப்பது என் பழக்கம், மகன். இதைக் குறித்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது நேரம். டிஜிட்டல் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. இரண்டு பெட்டியைக் கோத்தால், எந்த மணிக்கூட்டுக்கு எல்லாரும் கீழ்ப்படிவது என்று நீதான் முடிவு செய்யவேண்டும். நம் ஊரில் ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் எப்படி இருக்கும்? ஒன்று முடியுமுதல் மற்றது தொடங்கும், வீட்டிலிருக்கிற பெண்பிள்ளைகளுக்கு எதற்குப் பதில் சொல்வதென்று தெரியாது. அப்படித்தான் பெட்டிகளும் தடுமாறும். மிக்ஸரை எஜமானாக வை, புரொசெஸரை அதைப் பின்பற்றச் சொல். லெப்டொப்பின் மணிக்கூடு நாற்பத்திநாலு தசம் ஒன்று என்ற வேகத்தில் ஓட, மிக்ஸருடையது நாற்பத்தெட்டில் ஓடினால் சத்தமே வராது, வந்தாலும் கறகற என்று வரும். வேலைக்குப் போகமுதல் வீட்டிலேயே இரண்டையும் ஒரே இலக்கத்தில் வைத்துக்கொள். இது ஐந்து நிமிஷ வேலை. மேடையில் வைத்துத் தேடினால் ஐந்து நிமிஷத்தில் உன் மானம் போய்விடும்.

சத்தம் ஒவ்வொரு பெட்டிக்குள் போய் வரும்போதும் கொஞ்சம் பிந்தும். ஒரு பெட்டியென்றால் காதுக்குத் தெரியாது. நாலு பெட்டியைக் கோத்தால் உன் கை ஓரிடத்திலும் தாளம் இன்னோரிடத்திலும் நிற்கும். அதனால் உன் காதில் மாட்டுவதையும் உனக்குப் பக்கத்திலிருக்கிற ஸ்பீக்கரையும் மிக்ஸரிலிருந்தே நேராக எடு, புரொசெஸரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரை மெயின் வேலைக்கு நினைத்தும் பார்க்காதே. போன வருஷம் நம் கடற்கரையில் நடந்த கிரிக்கெட் போட்டியில் பையன்கள் அந்தப் பக்கம் ஒரு புளூடூத் பெட்டியை வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஆள் அவுட் ஆகிப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறான், அந்தப் பக்கம் அறிவிப்பாளர் இன்னும் பந்து வீச்சைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்.

புரொசெஸரைப் பொறுத்தவரை, உனக்குத் தேவையானது மூன்றே வேலை. கீழ்ச் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸுக்கும் மேல்சத்தத்தைச் சின்ன பொக்ஸுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். தூரத்துப் பொக்ஸின் சத்தத்தைக் கணக்காகப் பிந்தவைக்க வேண்டும். பொக்ஸ் எரியாமல் மேலே போகிற சத்தத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் கடைசி வேலைக்குத்தான் லிமிட்டர் என்று பெயர். அதைச் சரியாக வைத்துப் பூட்டிவிடு, சாவியை உன்னிடமே வைத்துக்கொள்ளாதே. சனம் கையைத் தூக்கி ஆடும்போது உன் கை தானாக அந்தக் குமிழுக்குப் போகும், என் கையும் போனதுதான். பழைய அம்ப் கொஞ்சம் கூடப் போனால் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் சிவப்பு வெளிச்சம் வந்தால் சத்தம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும், கெஞ்சினாலும் திரும்பாது. எப்போதும் கொஞ்சம் கீழே வைத்தே ஓட்டு. இந்த மூன்றும் நன்றாகச் செய்கிற சின்னப் பெட்டியை எடு. நூறு குமிழ் இருக்கிற பெரிய பெட்டி உனக்கு வேண்டாம்.

இனி ஒட்டோ பட்டன்.

சுனாமிக்குப் பிறகு கட்டிய நம் தெருப் பள்ளி உனக்குத் தெரியும். உயர்ந்த கூரை, சுவரெல்லாம் பளபளவென்று டைல்ஸ், ஒருவர் இருமினால் நாலு பேர் இருமுவது போல இருக்கும். ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய் எப்போதும் கீச்சென்று கூவிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பள்ளியை நடத்துகிற நம்பிக்கையாளர் சபையிடம் நான்தான் சொன்னேன், ஒரு டிஜிட்டல் புரொசெஸர் போட்டால் தீர்ந்துவிடும் என்று. வெளிநாட்டிலிருக்கிற நம் பிள்ளைகள் சேர்ந்து வாங்கி அனுப்பினார்கள். நான் கொண்டுபோய்ப் பூட்டி, கூவுவதைத் தானாக வெட்டுகிற பட்டனை அழுத்தி, அலுமாரிக் கதவைச் சாவி போட்டுச் சாத்தினேன். கூவல் அன்றைக்கே நின்றது. எல்லாரும் கைகொடுத்தார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

அசனார் மோதினார் இருபத்தேழு வருஷமாக அந்தப் பள்ளியில் பாங்கு சொன்னவர். அவர் நீட்டுகிற நீட்டு உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ குளியலறையில் நின்று அதைப் பழகிப் பார்ப்பாய். பெட்டி பூட்டி இரண்டாம் கிழமையிலிருந்து அந்த நீட்டல்கள் தேயத் தொடங்கின. குரல் எழும்பி ஓரிடத்தில் நிற்கும்போது அப்படியே கீழே இறங்கிவிடும். அவர் இன்னும் இறுக்கிச் சொல்வார், அது இன்னும் தேயும். தொண்டை கட்டிவிட்டது. கொத்தமல்லி அவித்துக் குடித்தார், தேன் குடித்தார், மட்டக்களப்புக்குப் போய்த் தொண்டை டொக்டரிடம் காட்டினார். டொக்டர் ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில், “மோதினாருக்கு வயசு போயிட்டு” என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

அன்றைய பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி வராந்தாவில் நடந்ததை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் என் வாயால் நான் சொல்லவேண்டும். சபைத் தலைவர் ஹாஜியாரும் நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மோதினாரை மாற்றுவதா என்று கதைத்துக்கொண்டு நின்றோம். நீ அப்போதுதான் ஒலுவில் கம்பஸில் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய், ஆங்காங்கே டீஜே வேலையும் தொடங்கியிருந்தாய். வந்து நின்று, “வாப்பா, அவர்ட குரல்ல பிழையில்ல. அவர் நீட்டுறத மைக் கூவுது எண்டு நினைச்சி அந்தப் பெட்டி வெட்டுது. ஒட்டோவ ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்க” என்றாய். அவ்வளவு மரியாதையாகத்தான் சொன்னாய். நான் என்ன சொன்னேன்? “பாட்டுப் போட்டு ஆட்டம் காட்டுற உனக்குப் பாங்கப் பத்தி என்னடா தெரியும்? பள்ளிக்குள்ள வந்து எனக்குப் படிப்பிக்காத, போ!” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீ செருப்பைப் போட்டுக்கொண்டு போனாய். அந்த மாதமே கொழும்புக்குப் போய்விட்டாய்.

மறு மாதம் அசனார் காக்கா தானாகவே விலகிக்கொண்டார். அல்லாஹ் கொடுத்த குரலை அல்லாஹ் எடுத்துவிட்டான், யாருக்கோ தான் அநியாயம் செய்திருக்க வேண்டும், அதனால்தான் எடுத்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்பார்களே, அதுபோல வெள்ளைச் சாரத்தோடு அவர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். நம் வீட்டுக்கும் வந்தார். கதிரையில் உட்காரவில்லை. “தம்பி, உங்கட மைக்க எத்தினையோ தரம் விரலால தட்டிப் பழுதாக்கியிருப்பன். நீங்க ஏசின நேரம் மனசுக்குள்ள திட்டியும் இரிக்கன். பொருந்திக்கங்க” என்றார். நான், “பொருந்திட்டன் காக்கா” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது, மகன். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டு, துஆச் செய்துவிட்டுப் போனார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் நீ சொன்னது மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. போய் அலுமாரியைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் காணும், நான் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயம். புதிதாக வந்த மோதினார் தம்பி நீட்டாமல் சுருக்கமாகச் சொல்லி முடிப்பார், பெட்டிக்கு வேலையே இல்லை. நோன்பு வந்தது. இரவில் தறாவீஹ் தொழுவிக்க வந்த ஹாபிஸ், குர்ஆனை மனனமாக நல்ல நீட்டலோடு ஓதுகிறவர். மூன்றாம் நாள் அவருடைய குரலும் தேய்ந்தது. அடுத்த நாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன் நான் தனியாகப் போய் அலுமாரியைத் திறந்தேன். வெட்டுவதற்கென்று அந்தப் பெட்டியில் பன்னிரண்டு இடம் இருக்கிறது. பன்னிரண்டும் நிரம்பியிருந்தன. எல்லாம் ஒரு மனிசனின் குரல் ஏறி நிற்கிற இடங்கள். நான் பட்டனை நிறுத்தினேன், பன்னிரண்டையும் அழித்தேன், பூட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு ஹாபிஸின் ஓதல் பள்ளி நிறைய நின்றது. ஹாஜியார் என் தோளில் தட்டி, “பாத்தீங்களா, குரல் நல்லமெண்டா மிசினும் நல்லா எடுக்கும்” என்றார். முன் சஃப் வரிசையில் அசனார் காக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு நோன்பு போய்விட்டது. அவர் வருகிற வாசலால் நான் போவதில்லை. கடைத்தெருவில் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்வேன். எனக்குப் போனே விளங்காது, அது வேறு கதை. நீ ஒவ்வொரு தரமும் ஸலாம் சொல்லி அனுப்பும்போது எனக்கு என்னவோ செய்யும். நீ சொன்னது சரி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் தோற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. இப்போது நீயே, “அத எடுக்கவா?” என்று என்னிடமே கேட்கிறாய். எடுக்காதே என்று இரண்டு சொல்லில் எழுதி அனுப்பியிருந்தால், ஏன் என்று நீ கேட்டிருக்கமாட்டாய். ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோது பேனை நகரவில்லை. உம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். “இஞ்சாருங்க, மகனுக்கு எழுதமுதல் அந்த மனிசன்ட வீட்ட போயிட்டு வாங்க” என்றாள். அவளுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

நேற்று அஸருக்கு முன் போனேன். அசனார் காக்கா முற்றத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை, பட்டனை, பன்னிரண்டு இடத்தை, ஹாபிஸ் ஓதியதை, எல்லாம். அவர் வலையைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டு, “அப்ப என்ட குரல் போகல்லயா?” என்று கேட்டார்.

“இல்ல காக்கா.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“ரெண்டு நோன்புக்கு முந்தி.”

“நான் உங்கட வீட்ட வந்தன்தானே தம்பி. தேத்தண்ணியும் குடிச்சன்.” சத்தம் போட்டு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், இதை என்னால் தாங்க முடியவில்லை. பொருந்திக்கங்க என்று கேட்க வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “அதப் பிறகு கேளுங்க. உங்கட மகன் கொழும்புக்குப் போகமுந்தி இஞ்ச வந்தவன், தெரியுமா? இந்த இடத்துல குந்தி இரிந்துதான் செல்லிப் போட்டுப் போனான், மோதினார், உங்கட குரல் இரிக்கி, பெட்டிதான் வெட்டுது எண்டு. நான் நம்பல்ல. உங்கட வாப்பா பொய் செல்லமாட்டார், பெத்த வாப்பாவக் குறை செல்லாத எண்டு ஏசி அனுப்பினன். அழுதுட்டுப் போனான் புள்ள. அவன்ட்ட நானும் பொருத்தம் கேக்க இரிக்கி. அவன் நம்ம ரெண்டு பேரையும் பொருந்தட்டும், அதுக்குப் பிறகு நான் உங்களப் பொருந்துறன்.”

நீ அவர் வீட்டுக்கும் போனாய் என்று எனக்குத் தெரியாது, மகன். நீ அழுததும் தெரியாது. என் பெயருக்கு இருந்த மரியாதையே உன் வாயை அடைத்திருக்கிறது.

அவரைக் கையோடு பள்ளிக்குக் கூட்டிப்போனேன். மோதினார் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து இடம் விட்டார். நான் அலுமாரியைத் திறந்து பட்டன் நிறுத்தியிருப்பதை அசனார் காக்காவுக்குக் காட்டினேன். அசனார் காக்கா மைக் முன்னால் போய் நின்று அஸர் பாங்கு சொன்னார். மூன்று வருஷம் சொல்லாத குரல், மகன். ஏறியது, நின்றது. ஹய்ய அலஸ் ஸலாஹ் என்ற வரியில் ஓரிடத்தில் உடைந்தது. முடித்துவிட்டு இறங்கி வந்து என்னிடம், “அந்த ஒடைஞ்ச இடம் மிசினா, நானா?” என்று கேட்டார்.

“நீங்கதான் காக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது. எனக்கு மேல் சத்தம் கேட்பதில்லை என்று சொன்னேனே, அந்தச் சொல் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: அந்தப் பட்டன் உள்ள பெட்டியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அதைத் தானாக ஓடவிடாதே. மைக் எங்கே கூவுகிறது என்று நீயே நின்று கேட்டு, நீயே உன் கையால் குறை. அறிவிப்பாளரோ பாட்டுக்காரரோ குரல் சரியில்லாமல் தடுமாறினால், அவருடைய தொண்டையைப் பார்க்கமுதல் உன் பெட்டியைப் பார். உனக்குக் கீழே வேலை செய்கிற பையன் ஒருத்தன் வந்து, அண்ணன் இதில் பிழை இருக்கிறது என்று சொன்னால், அவனைப் பிறகு ஏசலாம், முதலில் அலுமாரியைத் திறந்து பார். என் தொழிலில் நான் உனக்குக் கொடுக்கக்கூடியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பெட்டியோடு வருகிற புத்தகத்திலேயே இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். உன்னை நான் ஏசியது பள்ளி வராந்தாவில், பலர் கேட்க. மன்னிப்புக் கேட்பது மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டி என்றால், அது என்ன நியாயம்? இதை ஹாஜியாரிடம் சொன்னேன். “முடிஞ்ச கதைய ஏன் கிளறுறீங்க?” என்றார். முடியவில்லை என்றேன். இந்தக் கடிதத்தில் ஒரு பிரதி உனக்கு வரும், இன்னொரு பிரதியை நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்கு முன் பள்ளி அறிவித்தல் பலகையில் நானே ஒட்டப்போகிறேன். உம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். “டீஜேக்குச் சாமான் வாங்கிற கடிதத்தயா பள்ளிப் பலகையில ஒட்டப்போறீங்க? ஊரே நிண்டு சிரிக்குமே!” என்கிறாள்.

சிரிக்கட்டும். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான். நாளைக்கு அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

நீ சொன்னது சரி, மகன். பொருந்திக்கொள்.

வாப்பா